அவள் முடுக்கிய போல்ட்

மலை ஜீப்புக்குப் பாதுகாப்புக் கூண்டு பொருத்தும்போது நாலாவது போல்ட்டை வண்டிக்காரரின் மனைவிதான் முடுக்க வேண்டும். ஜெயசீலன் பட்டறையில் அது வழக்கம். தொபியாஸின் ஜீப்புக்கு ரோஸ்லின் முடுக்கினாள். ஏழு மாதம் கழித்து ஜீப் பள்ளத்தில் உருண்டது. கூண்டு சரிந்து தொபியாஸ் நசுங்கிச் செத்தான்.

ஒரு வருடமாகக் கிடந்த அந்த ஜீப்பிலிருந்து கூண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான் ஜெயசீலன். மூன்று போல்ட்டுகள் விரலுக்கே வந்துவிட்டன. அவள் முடுக்கியது மட்டும் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டான், சுத்தியலால் தட்டினான், ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்கினான்.

அந்த மூன்றையும் கையால் ஏற்றிவைத்து, அவள் முடித்ததும் இறுக்கிக்கொள்ளலாம் என்று இருந்தவன் அவன்தான். அன்று அவள் முடுக்கி முடித்ததும் தொபியாஸ் லட்டு டப்பாவை நீட்டினான்; மூன்றும் இறுக்காமலே போயின.

வாசலில் ரோஸ்லின் வந்து நின்றாள். "நான் முடுக்குனதுதான் லூசா இருந்துச்சாண்ணே?"

காலடியில் கிடந்த மூன்று போல்ட்டுகளையும் ஜெயசீலன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"துருப்பிடிச்சுக் கெடக்கும்மா. ஒண்ணும் சொல்லத் தெரியல."

"இன்னொரு சுத்து முடுக்கச் சொன்னீங்க. கை வலிச்சுது. முடுக்கிட்டேன்னு பொய் சொல்லிட்டேன்ணே."

அவன் திரும்பாமல் பைப்பைப் பிடித்து மறுபடி தொங்கினான். போல்ட் அசையவில்லை.