மாப்ள வீட்டுக்கு ஒரு போட்டோ

"இதுல இருக்கிறது யாரு?"

போட்டோவைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள் இசைவாணி.

"நீங்கதாம்மா" என்றான் பாண்டிராஜ். சொல்லும்போதே குரல் இறங்கியது. மாவு மில்லிலிருந்து நேராக எழுந்து வந்த ஒரு பெண்தான் அதில் இருந்தாள். மூக்கைக் காணோம், மூக்குத்தி மட்டும் மிதந்தது.

காளவாசலில் அவனுடைய ஸ்டூடியோ டிஜிட்டலுக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகிறது. நேற்று அவள், "மாப்ள வீட்டுக்குக் காட்ட ஒரு போட்டோ" என்றதுமே, கேட்காமலே, முகம் வெளுப்பாக விழட்டும் என்று எக்ஸ்போஷரை பிளஸ் பக்கம் ரெண்டு கட்டம் தள்ளியிருந்தான். எல்லாம் நல்ல மனசுதான்.

"கொஞ்சம் கலராத் தெரிஞ்சா சட்டுன்னு முடியும்னுதாம்மா..."

"முடிஞ்சு, அவங்க நேர்ல வந்து, 'போட்டோல இருந்த பொண்ணக் கூப்பிடுங்க'ன்னா யாரை அனுப்புறது? நீங்க வருவீங்களா?"

மதுரையில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் அண்ணேதான். இவள் மட்டும் நேற்றிலிருந்து ஒரு தடவைகூட அவனை அண்ணே என்று கூப்பிடவில்லை. நேற்றே ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று பாண்டிராஜ் நினைத்துக்கொண்டான்.

"உக்காருங்க. திரும்ப எடுத்துருவோம்."

எடுத்து, கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினான். படபடப்பில் பட்டனை ஒரே அமுக்காக அமுக்கியதில், ஃபோகஸ் அவளை விட்டுவிட்டுப் பின்னால் தொங்கிய படுதாவைப் பிடித்திருந்தது. வரைந்த அருவி துளித்துளியாகத் தெளிந்திருக்க, இசைவாணி மங்கலாக இருந்தாள்.

"அருவி நல்லாருக்கு. அருவிக்கா மாப்ள பாக்குறாங்க?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும்தான் எங்கம்மா பொண்ணு பாக்குது. என் போட்டோ ஊரெல்லாம் சுத்துது, ஆளைத்தான் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. சரி, உங்களுக்கு எந்த ஊரு மாப்ள?"

"நீங்க கேமராவைப் பாருங்க" என்றாள் இசைவாணி.

எக்ஸ்போஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கினான். வெள்ளை அருவியைப் பார்த்து ஏமாந்த கேமரா, இப்போது முகத்தை இருட்டாக்கியது. சீ என்று படுதாவையே சுருட்டி மேலே கட்டினான். வெறும் நீலச் சுவர்.

"மாப்ளைக்கு என்ன வேலை?"

"என்ன வேலையோ, அதை ஒழுங்காப் பாத்தாச் சரி."

இந்த முறை அவசரப்படவில்லை. ஃபோகஸ் கட்டத்தை அவள் கண்ணுக்கு நேராக வைத்து, பட்டனைப் பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் எரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகுதான் முழுசாக அமுக்கினான்.

திரையில் அவளே இருந்தாள். அதே கறுப்பு, அதே மினுமினுப்பு. புருவத்தின் முடிகூடத் தனித்தனியாக. மூக்குத்திக்குக் கீழே மூக்கும் வந்துவிட்டது.

"அடி தூள்!" என்று கபடியில் ஜெயித்தவன்போலக் கத்தினான் பாண்டிராஜ். "இந்தப் பொண்ண வேணாம்னு சொல்றவனுக்குக் கண்ணே தெரியாதும்மா!"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"கேமரா மேல சத்தியம்."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

"இம்புட்டு நேரம் கேக்குறேன், ஒண்ணுக்கும் நேரா பதில் சொல்லலை. யாரு அந்த மாப்ள? கோபந்தான் போயிருச்சே, இனியாவது அண்ணேன்னு கூப்பிடலாம்ல?"

இசைவாணி கைப்பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒருவன். வழுக்கை தெரியாமல் நெற்றியோடு வெட்டியிருந்தது. சட்டையை வைத்துத்தான் அது தன் முகம் என்று பாண்டிராஜுக்குத் தெரிந்தது.

"உங்கம்மா எங்க வீட்டுக்குக் குடுத்துவிட்டது. ஆள் நெசத்துல எப்படின்னு பாக்கத்தான் வந்தேன். எனக்குப் புடிச்சிருக்கு, அப்புறம் எப்படி அண்ணேன்னு கூப்பிடுறது?"