இரண்டு பெடல் போதும்

ஐயாத்துரை நாலாவது முறையாகக் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். பக்கத்தில் நின்ற கமாலுதீன் பதறவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "பரவாயில்லைண்ணே, ரிவர்ஸ் எடுங்க" என்றான்.

"யாருக்கும் அடி படலையே?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஆளு ஏதுண்ணே?"

பினாங்கு கொம்தார் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கமாலுதீனின் கம்ப்யூட்டர் கடை. மேசை விளிம்பில் திருகாணி போட்டு இறுக்கிய பிளாஸ்டிக் ஸ்டீரிங், மேசைக்கடியில் பெடல், எதிரே திரையில் மூக்கு நசுங்கிய சிவப்புக் கார். வீட்டிலிருந்தபடியே கார்ப் பந்தயம் ஓட்டலாம் என்று 1998-இல் பிள்ளைகளை மயக்க வந்த சாமான். ஐயாத்துரைக்கு நாற்பத்தெட்டு வயது.

"யாருக்கு வாங்குறீங்க?"

"மச்சான் மகனுக்கு" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

மச்சான் மகனுக்கு இல்லை. அவருக்கேதான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் பெண் கேட்டுப் போன வீட்டில், "மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம், காடி ஓட்ட லைசென்சும் இருக்கு" என்று அவருடைய அம்மா சொல்லிவைத்தார். உத்தியோகம் இருந்தது. லைசென்ஸ், அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்ற நிலையில் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று முறை டெஸ்ட்டுக்குப் போய் வந்தும், அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

காரே வாங்காமல் காலத்தை ஓட்டினார். "ஆயர் ஈத்தாம்லேர்ந்து டவுனுக்கு பஸ் இருக்கும்போது காடி எதுக்கு?" என்று கொள்கை பேசினார். சொந்தக்காரர் யாராவது சாவியை நீட்டி, "நீங்க ஓட்டுங்களேன்" என்றால், சொல்லிவைத்தாற்போல் மனைவி புஷ்பராணிக்குத் தலைவலி வந்துவிடும். உடனே டாக்சி பிடித்து வீடு திரும்பிவிடுவார்கள். பெண்டாட்டியின் தலைவலியால் இத்தனை தடவை மானம் பிழைத்த மனிதர் பினாங்குத் தீவில் வேறு எவரும் இருக்க முடியாது.

இப்போது மச்சான் அம்பிகைபாகன் ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிறான். போகிறவன் சும்மா போகலாம். தன் காரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறானாம். போதாததற்கு, "அடுத்த மாசம் கெப்பாலா பத்தாஸ் கல்யாணத்துக்கு அத்தான்தான் ஓட்டுறாரு, எல்லாரும் அந்தக் காடியிலேயே போறோம்!" என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

வாசலில் கார் வந்து நின்றுவிட்டால் பிறகு எந்தத் தலைவலியும் காப்பாற்றாது. மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. அதில் ரகசியமாய்ப் பழகி, ரகசியமாய் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்பது ஐயாத்துரையின் திட்டம். இதுவரை மாண்டது நான்கு கார்கள்.

"இதுல ரெண்டு பெடல்தாண்ணே. எண்ணெய் மிதிக்க ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு. மூணு பெடல் வேணும்னா ஆர்டர் போடணும்."

"ரெண்டு போதும்லா! கட்டித் தாங்க."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் அப்படியே உறைந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கைப்பையை மார்போடு அணைத்தபடி, புஷ்பராணி நேராக இந்தக் கடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

"அலாமாக்! என் வீட்டுக்காரி!"

வெளியே போக வேறு வழியில்லை. மேசைக்கடியில்தான் இடம் இருந்தது. வயர்களை மறைக்கத் தொங்கவிட்டிருந்த துணியை விலக்கி, தொப்பையை முதலில் அனுப்பி, பின்னாலேயே தானும் நுழைந்தார். கமாலுதீன் துணியை இழுத்துவிடவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

"தம்பி, இந்த ஸ்டீரிங் செட்டு பார்க்கணுமே."

மேசைக்கடியில் ஐயாத்துரைக்கு மூச்சு நின்றது. ஆக, விஷயம் தெரிந்து கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள்.

"யா... யாருக்குக்கா?" கமாலுதீனின் குரல் தடுமாறியது.

"என் தம்பி மகனுக்கு."

போன மூச்சு திரும்பி வந்தது. அவர் சொன்ன அதே பதில்தான். ஆனால் அவள் வாயில் அது எத்தனை உண்மையாய் ஒலிக்கிறது!

"உட்கார்ந்து பார்க்கலாம்தானே?" நாற்காலி இழுபட்டது. கமாலுதீன் தடுப்பதற்குள் துணியின் கீழாக இரண்டு கால்கள் உள்ளே வந்தன. வலது கால் தடவித் தடவி, பெடலுக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த ஐயாத்துரையின் கைமேல் ஏறி நின்று அழுத்தியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பிரேக் ரொம்ப மெத்துன்னு இருக்கே, தம்பி?"

"அது... புது மாடல்க்கா."

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். ஐயாத்துரைக்குக் கண்ணில் நீர் முட்டியது. பத்தொன்பது வருடப் பொய்க்கு இது நியாயமான தண்டனைதான் என்று பொறுத்துக்கொண்டார்.

இப்போது அவளுடைய இடது கால் எதையோ தேட ஆரம்பித்தது. அவர் முழங்காலை உரசிக்கொண்டு போய், வெறும் தரையில் தட்டியது.

"இந்தக் காலுக்கு ஒண்ணையும் காணோமே?"

"ரெண்டு பெடல்தான்க்கா. சின்னப் பிள்ளைக்கு அது போதும்லா."

கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாளோ என்னவோ, புஷ்பராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"கிளச் இல்லாம சரிப்படாது தம்பி. எங்க வீட்டுக்காரரு மூணு டெஸ்ட்டுலயும் பெயிலானதே அதுலதான்!"