மூன்றாம் கட்டில் புட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவில், மூன்றாம் கட்டிலின் கால்மாட்டில் கிருமி போகக் கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்துப் புட்டி ஒன்று தொங்கியது. மாதம் முடியப்போகிறது, அது இன்னும் கழுத்து வரை நிரம்பியே இருந்தது. கட்டிலில் தங்கபுஷ்பம் தொண்டைக் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படித் தவிக்கிறே?" என்று புட்டியைக் கேட்டது, பக்கத்தில் இரண்டாம் கட்டில் கம்பியில் குடியிருந்த கிருமி. ஆளைக் காணமுடியாது, குரல்தான் வரும்.

"நீ இங்கே வந்துடுவியோன்னுதான்," என்றது புட்டி.

"எனக்குக் காலா இருக்கு? யாராவது தூக்கிட்டு வந்தாத்தான் உண்டு."

இரண்டாம் கட்டில்காரரைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் எமில்டா, அதே கையுறையோடு மூன்றாம் கட்டிலுக்கு வந்தாள். கையுறை போட்ட கை சுத்தமான கை என்பது அவள் நினைப்பு.

"அதைக் கழற்றிட்டு என்னை ஒரு அமுக்கு அமுக்கும்மா!" என்று புட்டி கத்தியது. அவளுக்குக் கேட்கவில்லை. குழாயைச் சரிசெய்தாள்.

"வந்துட்டேன்," என்றது குரல், குழாய்க்குள்ளிருந்து.

ஐந்தாம் நாள், காலியாகிவிட்ட மூன்றாம் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள்.

மறுநாள், எவ்வளவு மருந்து செலவாகியிருக்கிறது என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எமில்டா அவசரமாகப் புட்டியைக் கழற்றி, பாதி மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு மாட்டினாள்.

அதிகாரி புட்டியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோய் எமில்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நான்காம் கட்டில் நோயாளியை நலம் விசாரிக்க நகர்ந்தார்.

"போயிட்டு வரேன்," என்றது குரல், அவர் உள்ளங்கையிலிருந்து.