இரண்டாவது ஸ்க்ரூ

கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் பார்த்தார்.

காந்தக் குச்சி பட்டறைச் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் மாட்டியது மாட்டியபடி.

எடுத்துத் தடவினார். கிரீஸ் இல்லை. விரலில் தூசிதான் ஒட்டியது.

அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி முன் கிளம்பிப் போனது இன்றைக்கு ஐந்தாவது வண்டி. அவர் முதுகு மூன்றாவது வண்டியிலேயே போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருப்பார். வந்தது மாப்பிள்ளை. கூடவே மகள் கோகிலவாணி. கல்யாணமாகி நாலு மாதம். மாப்பிள்ளைக்கு வால்பாறையில் வேலை, இருட்டுவதற்குள் மலையேறியாக வேண்டும்.

என்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம். ஷோரூமில் என்ஜினுக்குக் காற்று போகும் குழாயையே மாற்றச் சொன்னார்களாம். எங்கப்பா ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுவார் என்று மகள் அங்கேயே சொல்லி, வண்டியைக் கையோடு பொள்ளாச்சிக்குத் திருப்பியிருக்கிறாள். பட்டறைக்காரன் மகள்தானே என்று புகுந்த வீட்டில் யாரோ ஒரு நாள் சொன்னார்கள். அவள் அதை மறக்கவில்லை. அவரும்தான்.

வேலை என்னவோ சின்னதுதான். குழாய்க்குள் காற்றை விடும் வால்வு ஒரு சிறு தகடு. இரண்டு பொடி ஸ்க்ரூவில் நிற்கும். அவை தளர்ந்து தகடு ஆடியது. பழையவை இரண்டையும் கழற்றிப் புதிதாக இரண்டு போட்டு முடுக்கினார். சத்தம் நின்றது.

மாப்பிள்ளை சிரித்தார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

கழற்றிய பழைய சாமானைக் கவரில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது பட்டறை வழக்கம். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. சொந்த மாப்பிள்ளைக்குச் சாட்சி எதற்கு? ஆனாலும் கொடுத்தார். கழற்றியதைப் போடும் தகர மூடியில் கிடந்ததை அப்படியே கவிழ்த்து, வாயை முடிச்சுப் போட்டு, டேப்பை இறுக்கிச் சுற்றி மகள் மடியில் வைத்தார்.

எண்ணவில்லை.

எப்போதும் எண்ணுவார். குழாயை மூடுமுன் காந்தக் குச்சியை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவுவார். முப்பது வருடப் பழக்கம். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு.

முதல் ஸ்க்ரூ மூடியில் விழுந்தது ஞாபகம் இருந்தது. டிங்கென்று கேட்டது.

இரண்டாவது?

சரியாக அப்போதுதான் மாப்பிள்ளை வாட்சைப் பார்த்து, இன்னும் நேரமாகுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஆச்சுங்க மாப்ள, ஆச்சு என்று இவர் பறந்தார்.

இரண்டாவது விழுந்த சத்தம் ஞாபகம் இல்லை.

வண்டி நின்ற இடத்தில் மண்டியிட்டுத் தேடினார். மண்ணைக் கூட்டி அள்ளிக் காந்தத்தை ஓட்டினார். பழைய வாஷர் ஒன்றும் குண்டூசியும் வந்தன.

குழாய்க்குள் விழுந்திருந்தால், சமதளத்தில் அது பாட்டுக்கு அடியில் கிடக்கும். மேட்டில் அழுத்தி மிதிக்க மிதிக்கக் காற்று அதை என்ஜினுக்குள் இழுத்துப் போய்விடும். உள்ளே போனால் என்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒரு லாரி இருக்கும்போது நின்றால்?

அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை.

மணி நாலு. ஆழியாரைத் தாண்டி மலையேறத் தொடங்கியிருப்பார்கள்.

மகளைக் கூப்பிட்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"அந்தக் கவரப் பிரிச்சு, பழைய ஸ்க்ரூ எத்தன கெடக்குதுன்னு பாரு சாமி."

"ரெண்டு இருக்குதுங்கப்பா."

போனை வைத்துவிட்டாள்.

ரெண்டு. கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! உடம்பு முழுவதும் அந்தச் சொல்லில் சாய்ந்துகொண்டது. ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்ப் படுக்கலாம். அவள்தான் பார்த்துச் சொல்லிவிட்டாளே.

ஆனால் அவர் சுற்றிய டேப்பைப் பிரிக்கக் கத்தி வேண்டும்.

கவர் சரசரக்கக்கூட இல்லை. அவர் கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்துவிட்டது.

அவர் ஏன் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா எதிலோ தவறிவிட்டார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் புருஷன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. நாலு மாதத்தில் எவ்வளவு தேறிவிட்டது இந்தப் பெண்!

மாப்பிள்ளையிடம் சொன்னால் அவ்வளவுதான். இனி அந்த வீட்டில் அவள் எங்கப்பா என்று வாயெடுக்க முடியாது. அவள் கழுத்தில் தாலி ஏறியபோதுகூட இப்படித் தன் மானமும் அவள் மானமும் ஒன்றாகக் கிடந்ததாக அவருக்கு நினைவில்லை.

போனைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தது மகள். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுப்பதும் அவள்தான்.

பின்னால் என்ஜின் மேட்டை முக்கி ஏறுவது கேட்டது. மாப்பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்கப்பா," என்றாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஸ்பீக்கர்ல போடு சாமி," என்றார் அவர்.