கொழுப்பின் தூது

ஏரிபோல் பரந்த ஒரு தொப்பைக்குள் கொழுப்பு குடியிருந்தது. பஞ்சம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஹார்மோன் என்கிற தூதனை ஓயாமல் ஓடவிட்டது.

"சிறுநீரகத்தண்ணே, உப்பை விட்டுடாதே!"

சிறுநீரகமும் அப்படியே உப்பைப் பிடித்து வைத்தது. இரத்த அழுத்தம் ஏறி, இதயத்துக்கு மூச்சு வாங்கியது.

"உனக்கென்ன கொழுப்பா? நான் வெடிச்சுடுவேன்!" என்று கத்தியது இதயம்.

"கொழுப்புதான் அக்கா. நீ பசியில நின்னுடக் கூடாதேன்னுதான்..."

மறுநாள் ஒரு மடக்குத் தண்ணீரோடு குட்டி மாத்திரை வந்து, சிறுநீரகத்தின் காதைப் பஞ்சுபோல் அடைத்தது. தூதன் கத்திப் பார்த்துத் திரும்பினான். உப்பு இறங்கியது, அழுத்தமும் இறங்கியது.

"என் பேச்சை யாருமே கேக்கறதில்லை," என்று விசும்பியது கொழுப்பு.

"நான் கேக்கறேன், சொல்லு தம்பி," என்றது இதயம்.

"சாப்டியா அக்கா?"

"ஆச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

தூதனைக் கூப்பிட வாயெடுத்த கொழுப்பு, அக்காவின் சீரான துடிப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது.