நீதிபதிக்கு எதிரே ஒரு வயிறு

நாலு மணி நேரமாகப் பெய்யும் பனி நீதிமன்றம் இருக்கும் டாஃபின் ஊருக்கான நெடுஞ்சாலையை மூடிவிட்டது. தத்தெடுப்பு மனுக்களைக் காணொளியிலும் விசாரிக்கலாம் என்று மாகாண உயர் நீதிமன்றம் புது விதி போட்டிருப்பதால், மார்லிஸின் சமையலறையே இன்று நீதிமன்றம். மடிக்கணினிக்கு அருகே உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஆறிக்கிடக்கிறது. அவள் வளர்க்கும் டெஸ்ஸா, ஐந்து வயது, கரண்டியை நக்குகிறாள். நீதிபதி திரையில் வந்ததும் மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கும் அவள் வக்கீல் ஓரெஸ்ட் பழக்கத்தில் எழுந்து நிற்கிறார். இப்போது நீதிபதியின் திரை முழுக்க வக்கீலின் கறுப்பு அங்கி போர்த்திய வயிறு. "உட்காருங்க. எழுந்திருக்க வேண்டாம்னுதான் சுற்றறிக்கை அனுப்பினோமே." "மன்னிக்கணும் மை லேடி, முழங்கால் அதைப் படிக்கல." டெஸ்ஸா சிரிக்கிறாள். மார்லிஸின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருக்கின்றன. ஜன்னலின் பனிவெளிச்சத்தில் அவை வெளுத்துத் தெரிகின்றன. நீதிபதி கையெழுத்திட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறார். "உத்தரவு போட்டாச்சு. டெஸ்ஸா, உன் பக்கத்துல இருக்கறது யாரு?" டெஸ்ஸா கரண்டியால் சுட்டுகிறாள். "இதா? எங்க அம்மா."