கறுப்புக்குக் கீழே

டிங்கர் மறுபடியும் அந்தத் தகர டப்பாவைப் பைக்குள் திணித்தான். திணித்த கையோடு, யாராவது பார்த்தார்களா என்று வீட்டுப் பக்கம் திரும்பினான்.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். இன்றோடு மூன்று நாள். டப்பாவைத் திறக்கிறான், காரைப் பார்க்கிறான், மூடுகிறான். சாப்பாட்டு டப்பா என்றால் ஒரு வாயாவது சாப்பிட வேண்டாமா?

ஷெட்டில் நிற்பது அவளுடைய அப்பாவின் கார். முப்பது வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்து, எலிகள் குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் ஊர்வலத்தில் அது முதலில் போக வேண்டும். முன் சீட்டில் அப்பா உட்கார்ந்து கையசைக்க வேண்டும். ஒரு காலத்தில் அவர் வந்தால் எழுந்து நின்றவர்கள், இப்போது "இன்னும் இருக்காரா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் முகத்தில் அறைய அவளிடம் இந்தக் காரை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இந்த டிங்கரை அவள் தேடிப் போகவில்லை. கார் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் காரின் படத்தைப் போட்ட மறுநாளே, தானாக வந்து கேட்டில் நின்றான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"அந்த ஆள அனுப்பிடும்மா," என்றார் ஹாலில் இருந்த அப்பா. "வண்டியும் வேணாம், ஊர்வலமும் வேணாம்."

"ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தான்ப்பா இருக்கு. வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"அவன் முழியே சரியில்ல."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எத்தனை பேரை வைத்து வேலை வாங்கியவர். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

அவன் காரின் முன்னால் குத்துக்காலிட்டு, இடது விளக்கைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பின் கதவு ஓட்டைய அடைக்கச் சொன்னா, மூணு நாளா இந்த லைட்டுக்கே மை தீட்டிட்டு இருக்க?"

"இங்க பட்டிப் பூச்சு ரொம்ப கனமா இருக்கு மேடம். நசுங்கினது, உடைஞ்சது எதுவும் தெரியக்கூடாதுன்னு யாரோ அப்பி வெச்சிருக்காங்க."

"எங்கப்பா வண்டி எங்கயும் நசுங்கினதில்ல."

"கறுப்புக்குக் கீழ பச்சை இருக்கு. எப்ப மேடம் கலர் மாத்தினீங்க?"

"நான் பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து கறுப்புதான். நீ வந்தது டிங்கரிங் பண்ணவா, ஆராய்ச்சி பண்ணவா?"

அவன் சுரண்டிய தூசியை ஊதினான். அப்போதுதான் அவள் பார்த்தாள். விளக்குக்கு மேலே புருவம் மாதிரி வளைந்து வரும் வார்ப்பு விளிம்பில், விரல் நீளத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. நேற்றுவரை அது முழுசாக இருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்த மாடலுக்கு அந்த விளிம்பு எங்கு தேடினாலும் கிடைக்காது என்று கிளப் செயலாளர் சொல்லியிருந்தார்.

பெரிய வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், முதலில் தேடுவது வேலைக்கு வந்தவன் பையில்தான். அவளும் அதற்கு விதிவிலக்கு இல்லை. நேராக உள்ளே போய் போலீசுக்கு போன் போட்டாள்.

ஊர் மறந்தாலும் அப்பாவின் பேர் ஸ்டேஷனுக்கு இன்னும் நினைவிருந்தது. இருபது நிமிஷத்தில் ஒரு போலீஸ்காரர் ஷெட்டில் வந்து நின்றார்.

"பையத் தொறடா."

ஓடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையைப் பழந்துணியில் நிதானமாகத் துடைத்துவிட்டு, டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு வளைந்த ஓர் இரும்புத் துண்டு. அதன் ஓரத்தில் கடுகளவு பச்சைப் பெயிண்ட்.

"பாத்தீங்களா சார்! களவாண்டத பஞ்சு மெத்தையில படுக்க வெச்சுத் தாலாட்டியிருக்கான்!"

"இது இந்த வண்டியோடதுதான்னு எப்படி மேடம் அடிச்சுச் சொல்றீங்க?" என்றான் டிங்கர்.

"திருடிட்டு வாய் வேறயா?" அவள் துண்டைப் பிடுங்கி, விளக்கின் மேலிருந்த அந்தக் காலி இடத்தில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. முறிந்த இடத்து ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பல்லோடு சேர்ந்தது. நடுவில் ஒரு முடி நுழைய இடமில்லை.

"இப்ப என்ன சொல்ற? உலகத்துல வேற எந்த வண்டிக்கும் இது பொருந்தாது. எழுதிக்குங்க சார். இந்தத் துண்டு எங்க வண்டிலேர்ந்து உடைஞ்சது. வண்டி எங்கப்பாவோடது. எங்க வேணா வந்து சொல்றேன்."

போலீஸ்காரர் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

"போடாதம்மா!"

அப்பா ஷெட் வாசலில், செருப்பில்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. பாவம், இந்த வயதில் இந்தத் திருட்டுப்பயலால் எவ்வளவு அதிர்ச்சி!

"நீங்க சும்மா இருங்கப்பா, இவனுங்களுக்கெல்லாம் பாவம் பாக்கக்கூடாது," என்று சொல்லி, தேதியோடு அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டிங்கர் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். கடைசியில் அவளிடம் திரும்பினான்.

"இத முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரில எங்கம்மா உடம்புலேர்ந்து எடுத்தாங்க, மேடம்."